கொக்கி சொன்ன ஓட்டை

ஆஸ்பத்திரிக் கணினிகளில் ஓடும் இயங்குதளம் ஒன்றைத் திருநெல்வேலியில் ஓர் அலுவலகம் பராமரித்து வந்தது. அதில் இங்கே ஓட்டை இருக்கிறது, அங்கே திருடன் நுழையலாம் என்று ஊர் உலகமே எழுதிப் போடும். எது நிஜம், எது புருடா என்று பிரிப்பது தில்லைநாயகத்தின் வேலை. தலை நரைத்தபின் இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவருக்குக் குருவாக வாய்த்தவள் இசக்கியம்மாள், அவர் மகள் வயதுக்காரி.

கொக்கி என்ற புனைபெயரில் ஒருவன் எழுதுவான். வரிக்கு வரி பிழை, வாய் நிறைய வசவு. புலி வருது கதையாக அவன் எழுதியதெல்லாம் பொய்த்துப் போயிருந்தது. அதனால் போன மாதம் அவன் எழுதியதை 'நம்பத்தக்கதல்ல' என்று தள்ளிவிட்டார் தில்லைநாயகம்.

அதில் அவன் சொன்ன ஓட்டை வழியாகவே ஒரு மலையூர் ஆஸ்பத்திரிக்குள் திருடர்கள் நுழைந்து கணினிகளையெல்லாம் முடக்கினார்கள். வைத்தியம் நின்றது. வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி வழியிலேயே செத்துப்போனாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், எறும்புக்குக்கூட விலகி நடக்கிற மனுஷர்.

இன்று காலை வேறோர் ஓட்டை இருப்பதாகக் கொக்கி மறுபடியும் எழுதியிருந்தான். தில்லைநாயகம் குருவிடம் ஓடினார்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் கம்ப்யூட்டர நிறுத்தச் சொல்லணும்மா. இப்பவே!"

"அவன் சொன்னபடி செஞ்சு பாத்தீங்களா அண்ணாச்சி?"

"எழுதினது கொக்கிம்மா. இவன நம்பாமத்தான அன்னைக்கு ஒரு உசுரு போச்சு."

"அன்னைக்குச் செஞ்சு பாத்தீங்களா?"

"இல்லம்மா. பேரப் பாத்ததும் தள்ளிட்டேன்."

இப்படிச் சோதனைகளில் அடி வாங்குவதற்கென்றே மூலையில் ஒரு பழைய கணினி உண்டு. அலுவலகத்தில் அதற்குப் பலியாடு என்று பெயர். அதன் முன்னால் அவரை உட்காரவைத்தாள் இசக்கியம்மாள். கொக்கி எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இயங்குதளத்தின் முந்தைய பதிப்பை ஏற்றித் தட்டினார். அப்போதும் பலியாடு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பொய்யா?"

"நாம பாத்த மட்டுல அப்படி ஒரு ஓட்ட இல்ல."

"அன்னைக்கு நெசம் சொன்னவன்தானம்மா இவன்!"

"அவனேதான். நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தா இந்நேரம் எல்லா ஊர்லயும் ஆப்பரேஷன் நின்னிருக்கும்."

தில்லைநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டார். நம்பாமல் ஒருத்தியைப் பறிகொடுத்தாயிற்று, இன்று நம்பி எத்தனை பேரைப் பறிகொடுக்க இருந்தோமோ!

"ஆளப் பாத்தும் தெரியல, எழுத்தப் பாத்தும் தெரியல. வர்றத எல்லாம் செஞ்சு பாக்க ஆயுசு பத்தாதேம்மா."

"பத்தாது அண்ணாச்சி."

"அப்ப நான் பாக்காம விட்ட ஒண்ணு வழியா மறுபடியும் திருடனுவ வருவானுவளே?"

"வருவானுவ," என்றாள் இசக்கியம்மாள். "எந்த ஆஸ்பத்திரிக்குன்னுதான் தெரியாது."