செண்பகத்துக்கு ஊட்டத் தெரிந்தவர்கள்

மலையடிவாரத்து மடத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருகிற சிஷ்யைகளில் இசக்கியம்மாள்தான் மூத்தவள். குரு மரகதத்தம்மாவைவிடவே பன்னிரண்டு வயது பெரியவள். மகள் செண்பகத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள்.

செண்பகத்துக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து கைகால் அவள் சொன்னபடி கேட்டதில்லை. பேச்சும் வரவில்லை. சிரிப்பு மட்டும் தாராளமாக வரும். அவள் சிரித்தால் பாடிக்கொண்டிருப்பவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு வெள்ளியன்று இசக்கியம்மாள் குருவின் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். கலெக்டர் ஆபீசில் வாங்கிய மனு. தனக்குப் பிறகு மகளுக்குப் பாதுகாவலர் யார் என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் நிரப்பியிருந்தாள். அந்த இடம் மட்டும் காலி.

"எட்டு மாசமா இப்படியே வச்சிருக்கேம்மா. யார் பேரை எழுத?"

"உங்க தங்கச்சி உலகம்மை, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாள்லா?"

"அவ நல்லவதான். ஆனா அவளுக்கு என்ன தெரியும்? பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியாது."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். குரு எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சோறு பிசைந்துகொண்டு வந்தாள்.

"இன்னைக்கு நான் ஊட்டுதேன்க்கா. நீங்க அந்தப் பலாமரத்தடியில போய் உக்காருங்க."

"இருங்கம்மா, எப்படின்னு சொல்லிடுதேன்..."

"வேண்டாம். போங்க."

இசக்கியம்மாள் போனாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கண் மட்டும் இங்கேயே இருந்தது.

குரு கரண்டியை நீட்டினாள். செண்பகம் வாயை இறுக மூடிக்கொண்டாள். குரு கொஞ்சினாள், பாடினாள், தானே வாயைத் திறந்து காட்டினாள். செண்பகம் முகத்தைத் திருப்ப, சோறு குருவின் தோளில் விழுந்தது. அடுத்த முறை கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். குருவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்த உதடு கொஞ்சநேரத்தில் துடிக்க ஆரம்பித்தது. பசி.

இசக்கியம்மாளால் பொறுக்க முடியவில்லை. ஓடி வந்தாள்.

"என்ன குழம்புன்னு முதல்ல அவகிட்டச் சொல்லணும்மா! சொல்லாம ஊட்டினா கோவம் வந்துரும். எவர்சில்வர் கரண்டி ஆகாது, கடிச்சிருவா. மரக்கரண்டிதான். தலை அண்ணாந்துறக் கூடாது, புரையேறும். நாடி கொஞ்சம் தாழ இருக்கணும். இடது கன்னத்துப் பக்கமா வைக்கணும்..."

சொல்லிக்கொண்டே கரண்டியை மாற்றி மகளுக்கு ஊட்டத் தொடங்கினாள். செண்பகம் சமர்த்தாகச் சாப்பிட்டாள்.

"இதெல்லாம் எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் குரு, தோளில் ஒட்டிய பருக்கையை எடுத்துக்கொண்டே.

"நான்தான் சொல்ல வந்தேனே! நீங்கதானே வேண்டாம்னீங்க!"

"உலகம்மைகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

இசக்கியம்மாளின் கை பாதியில் நின்றது.

தங்கச்சி கிண்ணத்தை வாங்க வந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. 'நீ விடுடி, உனக்குத் தெரியாது' என்று தட்டிவிட்ட நாளெல்லாம்.

மறுநாள் இசக்கியம்மாள் சொல்லியனுப்ப, உலகம்மை அவள் வீட்டுக்கு வந்தாள். அக்கா சொல்லச் சொல்லத் தங்கச்சி ஊட்டினாள். முதல் வாரம் சோறு பாதி தரையில்தான் போனது. பறிக்கத் துடித்த கையை இசக்கியம்மாள் முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். உலகம்மை ஒரு நோட்டு வாங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த டாக்டர், அடையாள அட்டை எந்தப் பெட்டியில், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பாள், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள்.

இரண்டு மாதம் கழித்து இசக்கியம்மாள் தங்கச்சி பெயரை எழுதி மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆடி மாதம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகளைப் பிரிந்து ஒரு பொழுதும் இருந்தறியாதவள். அந்த நாலு நாளும் உலகம்மை செண்பகத்தோடு மடத்திலேயே தங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஆட்டோவில் நேரே மடத்துக்கு வந்தாள் இசக்கியம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே இருந்தவர்கள் அவளைக் கவனிக்கவில்லை.

"இன்னைக்குத் தேங்காப்பால் சொதி, தாயி. இஞ்சித் துவையலும் இருக்கு," என்று சொல்லிவிட்டு உலகம்மை மரக்கரண்டியை நீட்டினாள். செண்பகம் வாயைத் திறந்தாள்.

இசக்கியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்த நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று தைக்கவும் செய்தது.

குரு பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்னைத் தேடவே இல்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள் இசக்கியம்மாள்.

"தேடினா. முதல் நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட்டாக்கா."