பொட்டுக்கோழியும் சுக்கான் கல்லும்

ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சு. சிரிக்காதட்டி, கோழிக்கும் கதை உண்டு. தலையில வெள்ளைப் பொட்டு. அதை வளத்தவ பேரு வெள்ளைத்தாயி. முன்ன இருந்த கோழியை "விர்ர்ர்"னு வந்து பருந்து தூக்கிட்டுப் போயிருச்சா, அதுலருந்து இதைப் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவுத்தே வச்சிருந்தா. உள்ளயே கம்பு, உள்ளயே தண்ணி. மகாராணி கெட்டா போ!

அப்புறம் அது முட்டை போட்டுச்சு பாரு, "பொதக்"! ஓடே இல்ல. வெறும் தோலு, தொட்டா குழையுது.

அவ புருசன் அழகிரி சொன்னான், "ஏ புள்ள, ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வாரா. இதை அடிச்சுக் குழம்பு வச்சிரு."

அவ பஞ்சாரத்து முன்னாடி போயி மறிச்சு நின்னுக்கிட்டா. "அதுவரைக்கும் பொறுங்க. நல்ல முட்டை போட வச்சிருதேன்."

ம் சொல்லுட்டி. ஆங்.

மொதல்ல கம்பை நிறுத்திட்டு நெல்லு போட்டா. "பொதக்". அப்புறம் வேப்பிலையை அரைச்சு ஊட்டுனா. மகாராணி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுச்சு. மறுபடி "பொதக்". அப்போ, கண்ணு பட்டுருச்சுன்னு எலுமிச்சம்பழத்தைச் சுத்தி வாசல்ல நறுக்குனா. சாறு கீழ கெடந்த சுக்கான் கல்லுல சொட்டுச்சு. கரிசக்காடு பூரா வெள்ளை வெள்ளையா கெடக்குமே, அந்தக் கல்லுதான். "புஸ்ஸ்ஸ்"னு நுரைச்சுது!

"அட, இது என்ன கூத்து?"

அம்மிக்கல்லுல சொட்டுனா. கம்முன்னு கெடந்துச்சு. பக்கத்து வீட்டுக் குப்பையில கெடந்த முட்டை ஓட்டுல சொட்டுனா. "புஸ்ஸ்ஸ்!"

"கல்லும் ஓடும் ஒண்ணுபோல நுரைக்குதே! அப்போ ஊர்க்கோழியெல்லாம் காட்டுல கொத்துறது இதைத்தானா? பாவி நான், பொத்திப் பொத்தி வச்சு உன்னையக் கெடுத்துட்டேனே!"ன்னு அழுதுட்டா.

அப்புறம் பஞ்சாரத்தைத் தூக்குனா. கையில குச்சி, ஒரு கண்ணு கோழி மேல, ஒரு கண்ணு வானத்து மேல. கோழி காட்டுக்குள்ள ஓடிப் பொடிக்கல்லாப் பாத்து "டொக் டொக்"னு பொறுக்குச்சு. தெனமும் அப்படித்தான் காவல் நின்னா.

ஞாயித்துக்கிழமை அக்காவும் வந்தாச்சு. அழகிரி கோழியைத் தூக்கப் போனான். அது எந்திரிக்காம "கொர்ர்"னு கையைக் கொத்துச்சு. அடியில தடவுனான். முட்டை! நகத்தால தட்டிப் பாத்தான். "டொக், டொக்."

"எலேய், முட்டையிடுற கோழியை அடிக்கவா என்னைய வரச்சொன்ன? எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு போதும்டா"ன்னுட்டா அக்கா.

வெள்ளைத்தாயி சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போனா. அன்னைக்குச் சாயந்தரம் காட்டுல யாரு குச்சியோட வானத்தைப் பாத்து நின்னாங்கற? அழகிரிதான்!

கதை முட்டைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.