ரெண்டு கை மருதாணி

ஒரு ஊர்ல ஒரு கடைத்தெரு. பகல்ல அந்தத் தெருவைப் பார்த்தா உனக்குக் கொட்டாவிதான் வரும். ஒரு நாய் படுத்திருக்கும், ஒரு சைக்கிள் சாஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆனா நோன்பு மாசம் பொறந்துட்டா, ராத்திரித் தொழுகை முடிஞ்சதும் பளிச் பளிச்னு சீரியல் பல்பு எரியும் பாரு, இதுவா அந்தத் தெருன்னு கேப்பே. கொத்துப் புரோட்டாக் கடையில டகடக டகடக. வளையல் கடையில கலகல கலகல. சமோசாக் கடாயில சொர்ர்ர். அத்தர் விக்கிறவர் போறவங்க வர்றவங்க கையையெல்லாம் புடிச்சு, வேணும்னாலும் வேணாம்னாலும் ஒரு தடவு தடவித்தான் விடுவார். வீட்டுக்கு வந்தப்புறமும் ரெண்டு நாளைக்கு மணக்கும். எங்கே, ம் சொல்லு. நீ ம் சொல்லலைன்னா எனக்குக் கதை வழி தப்பிப் போயிரும்.

அந்த ஊர்ல மைமூன்னு ஒரு பொண்ணு. வயசு ஒம்பது, வாய் மட்டும் தொண்ணூறு. அவளுக்கு ஒரு தம்பி, இத்ரீஸ்னு பேரு, மூணு வயசு. அந்தப் பக்கம் அம்மாவை உம்மான்னு, அப்பாவை வாப்பான்னு, அக்காவை லாத்தான்னு கூப்பிடுவாங்க. அவன் லாத்தா லாத்தான்னு நாள் முழுக்க அவ பின்னாடியே அலைவான். அவனுக்குப் பெருநாளைக்குன்னு உம்மா ஒரு செருப்பு வாங்கியிருந்தாங்க. மிதிச்சா கீச்னு சத்தம் போடும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு உம்மா கொஞ்சம் பெருசாவே வாங்கிட்டாங்க, நம்ம வீட்டுல உனக்கு வாங்குற மாதிரிதான். அதனால ஒரு கால் மிதிக்கும், இன்னொரு காலை இழுத்துக்கிட்டுப் போவான். கீச்... சர்ர். கீச்... சர்ர்.

மாசம் பூரா மைமூன் உம்மாவை நச்சரிச்சா, கடைத்தெருவுக்குப் போலாம் போலாம்னு. உம்மாவும் நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டுனாங்க. வாப்பாவுக்கு மளிகைக் கடையில பெருநாள் யாவாரம், அவரும் வரமாட்டார். இவ மொட்டை மாடியில நின்னுக்கிட்டு தூரத்துல தெரியுற வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருப்பா. பக்கத்து வீட்டு ஹபீபா ரெண்டு கையிலயும் மருதாணி வச்சுக்கிட்டு வந்து, மோந்து பாருன்னு மூக்குக்கிட்ட நீட்டுவா. இவளுக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்.

அப்போ என்ன ஆச்சு? எல்லாரும் நோன்பு முப்பது வரும், இன்னும் ஒரு நாள் இருக்குன்னு கால் நீட்டி உக்காந்திருந்தாங்க. திடீர்னு பள்ளிவாசல்ல நகரா முரசு டம் டம் டம். பிறை தெரிஞ்சிருச்சு, விடிஞ்சா பெருநாள். அவ்வளவுதான், ஊரே எந்திரிச்சு ஓடுச்சு. யாரு துணியும் தச்சு முடியலை. தையக்காரர் மெஷினுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாமான்னு பார்த்தார். உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கிட்டு, வாங்க ரெண்டு பேரும்னாங்க. மைமூனுக்குக் கால் தரையில பாவலை.

போனாங்க, போனாங்க. என்னா கூட்டம், என்னா வெளிச்சம். தொப்பிக் கடையில தொப்பி மேல தொப்பி அடுக்கி வீட்டுக் கூரை உயரத்துக்கு நிக்குது. நன்னாரி சர்பத்துக்காரர் பாட்டிலை ஒசக்கத் தூக்கி சொளசொளன்னு ஊத்துறார், ஒரு சொட்டு கீழ சிந்தலை. மைமூன் எதைப் பாக்குறது எதை விடுறதுன்னு தெரியாம கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கழுத்தே வலிச்சுது. தையக்கடை வாசல்ல பொம்பளைங்க கூட்டம் நெருக்கித் தள்ளுது. சின்னப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு உள்ளே நுழைய முடியாது. அப்போ எதுத்தாப்புல மருதாணி வைக்கிற சபுரா லாத்தா பெஞ்சுல இவங்களை உக்கார வச்சுட்டு உம்மா சொன்னாங்க.

"ஒரு கையில மட்டும் வச்சுக்க. இன்னொரு கைக்கு வீட்டுல நான் வச்சு விடுறேன். அந்தக் கை தம்பியைப் புடிச்சுக்கிட்டே இருக்கணும்."

சரி உம்மான்னு தலையாட்டினா. சபுரா லாத்தா வலது கையை மடியில வச்சுக்கிட்டு சரசரன்னு கொடி போட்டாங்க, பூ போட்டாங்க, மாங்கா போட்டாங்க. ஆஹா, என்னா வாசம், என்னா குளிர்ச்சி. இடது கை தம்பியைப் புடிச்சுக்கிட்டு வெறுங்கையா கிடக்குது. வலது கையைப் பார்த்தா, இடது கையைப் பார்த்தா. ஒரு கையில மட்டும் வச்சா ஹபீபா சிரிக்க மாட்டாளா? ஆசை யாரை விட்டுச்சு. தலையில போட்டிருந்த தாவணி முனையை எடுத்துத் தம்பி கையில குடுத்து, இதைக் கெட்டியாப் புடிச்சுக்க, விட்டுறாதேன்னா. அவனும் புடிச்சுக்கிட்டான். இவ இடது கையையும் நீட்டிட்டா.

அப்பப்போ தாவணியை யாரோ வெடுக் வெடுக்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. இருக்கான், இருக்கான்னு இவளும் நிம்மதியா கையைப் பார்த்துக்கிட்டிருந்தா. ரெண்டாவது மாங்காவும் போட்டு முடிச்சாச்சு. எழுந்து திரும்பிப் பாக்குறா. தாவணி முனை ஒரு ஆட்டு வாயில இருக்கு. மசக் மசக்னு மென்னுக்கிட்டு இவளைப் பாக்குது ஆடு. தம்பியைக் காணோம்.

என்ன ஆடா? கறுப்பு ஆடு. தூங்குறேன்னு பார்த்தா ஆட்டுக்கு மட்டும் கண்ணு முழிச்சுக்குதே உனக்கு.

மைமூன் இத்ரீஸ், இத்ரீஸ்னு கத்துறா, அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? சபுரா லாத்தா அந்தப் பக்கம் தேட ஓடினாங்க, இவ இந்தப் பக்கம் ஓடினா. ரெண்டு கையும் ஈரம். யாரு மேலயும் படக் கூடாதேன்னு ரெண்டு உள்ளங்கையையும் முன்னாடி ஏந்திக்கிட்டே ஓடுறா. எதுத்தாப்புல வந்த ஒரு பெரியவர், புள்ளை துஆ கேக்குது போலன்னு நினைச்சு நின்னு ஆமீன்னு சொல்லிட்டுப் போனார். அவளும் நெஜமா துஆதான் கேட்டுக்கிட்டிருந்தா. அல்லா, என் தம்பி கிடைச்சாப் போதும், இனிமே அவன் கையை விடவே மாட்டேன்னு.

அப்போ கீச் கீச்னு ஒரு சத்தம். வளையல் கடைப் பக்கம். விழுந்தடிச்சு ஓடுனா. பார்த்தா கவுன் போட்ட ஒரு குட்டிப் பொண்ணு, காலுல அதே செருப்பு.

அப்புறம் மறுபடியும் கீச் கீச். தொப்பிக் கடைப் பக்கம். தம்பி போட்டிருந்த மாதிரியே வெள்ளை ஜிப்பா, அதே உயரம், அதே தலை. கையால புடிக்க முடியாதே, முழங்கையால ஒரு இடி இடிச்சு, எங்கேடா போனேன்னா. அது திரும்புச்சு. யாரு வீட்டுப் புள்ளையோ. வாய் கோணிக்கிட்டு ஓன்னு அழ ஆரம்பிச்சுருச்சு. அதோட உம்மா வந்து இவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாங்க. அப்பத்தான் மைமூன் நின்னு கேக்குறா. தெரு பூரா கீச். இந்தப் பக்கம் கீச், அந்தப் பக்கம் கீச். அந்த வருஷம் ஊர்ல பாதி உம்மாங்க அந்தச் செருப்பைத்தான் வாங்கியிருக்காங்க. இதுல இவ எந்தக் கீச்சைத் தேடுறது? கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, துடைக்கவும் கை இல்லை.

தூங்கிட்டியா? ம் வருது, தூங்கலை. கேளு.

மூணாவது, புரோட்டாக் கடை. டகடக டகடகன்னு காது அடைக்குது. அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கேக்குற மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. இவ நேரா கல்லுக்கிட்ட போய் நின்னா. "மாமா, கொஞ்சம் நிறுத்துங்க. என் தம்பியைக் காணோம்."

அந்த மனுசன் ரெண்டு கரண்டியையும் அப்படியே மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னார். சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்களும் வாயை மூடிக்கிட்டாங்க. அந்த மூலை மட்டும் கப்சிப். இவ மூச்சைப் புடிச்சுக் கேக்குறா.

கீச்... சர்ர். கீச்... சர்ர்.

இது அவன்தான். ஊர்ல எத்தனை கீச் இருந்தாலும் இந்தச் சர்ர் ஒருத்தனுக்குத்தான் உண்டு. சட்டுனு திரும்பினா. பலூன்காரர்கிட்டேர்ந்து ஒரு மஞ்சப் பலூன் பிச்சுக்கிட்டு மேல போகுது. அதை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இத்ரீஸ் பின்னாடி பின்னாடி நடக்குறான். ஒரு கீச், ஒரு சர்ர். அவனுக்குப் பின்னாடி என்ன இருக்கு தெரியுமா? தரையோட வச்ச சமோசா அடுப்பு. கடாய் நிறைய எண்ணெய் தளதளன்னு கொதிக்குது. சமோசாக்காரர் அந்தப் பக்கம் திரும்பி மாவு எடுத்துக்கிட்டிருக்கார். இவ கத்தினா அவன் நிப்பானா? லாத்தா வெளையாட்டுக்குக் கூப்பிடுறான்னு இன்னும் வேகமாப் பின்னாடி போவான், அவ தம்பியைப் பத்தி அவளுக்குத் தெரியாதா.

கத்தவே இல்லை. ஓடினா பாரு, விசுக்னு. பெஞ்சைத் தாண்டி, தண்ணி வாளியைத் தாண்டி, அடுப்புக்கும் அவனுக்கும் நடுவுல போய் நுழைஞ்சுட்டா. முதுகுப் பக்கம் சுள்ளுனு அனல் அடிக்குது. ரெண்டு கையையும் விரிச்சு முன்னாடி நீட்டினா. அவன் பின்னாடியே வந்து அந்த ரெண்டு கையில சப்புனு முட்டி நின்னான். அப்படியே ஒரே தள்ளு, ரெண்டு பேரும் தெரு நடுவுல போய் விழுந்தாங்க.

மருதாணியைப் பத்தி அவ நினைச்சாளான்னா கேக்குறே? ரெண்டு கையில்லை, பத்துக் கையில வச்சிருந்தாலும் அப்போ நினைச்சிருக்க மாட்டா. கீழ உக்காந்துக்கிட்டு தம்பியைக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதா. அவன் என்னடான்னா, லாத்தா, பலூன் பறந்துருச்சுங்கிறான்.

அதுக்குள்ள சமோசாக்காரர் பதறி ஓடி வந்தார், கூட்டம் கூடிருச்சு, உம்மாவும் துணிப் பையோட விழுந்தடிச்சு வந்துட்டாங்க. யாரோ நடந்ததைச் சொல்லச் சொல்ல உம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. மைமூன் கையைப் பார்த்தாங்க. ரெண்டு கையிலயும் பூவும் இல்லை, கொடியும் இல்லை, வெறும் சேறு.

"ரெண்டு கையிலயும் வச்சியா?"

ஆமா உம்மான்னா. சரி, இப்போ முதுகுல ஒண்ணு விழப் போகுதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. ஒண்ணும் விழலை. உம்மா அவளைத் திருப்பி முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. "அனல் உனக்குப் பட்டுச்சா?"

அது வரைக்கும் தம்பிக்காக அழுதவ, அதைக் கேட்டதும் தனக்காக அழுதா. உம்மாவும் அழுதாங்க. நான் போய் இத்தனை நேரம் நின்னுட்டேனேன்னு உம்மாவுக்கும் மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. புரோட்டாக் கடை மாமா ஆளுக்கு ஒரு தட்டு கொத்துப் புரோட்டா கொண்டாந்து வச்சு, சாப்பிட்டுட்டு அழுங்கன்னார். உம்மா ஊட்டி விட, ரெண்டும் உக்காந்து மொக்கு மொக்குன்னு மொக்கினாங்க.

அப்புறம் விடிஞ்சுது, பெருநாள். உம்மா புதுச் சட்டையை எடுத்தா இத்ரீஸ் போட மாட்டேங்கிறான். நேத்துப் போட்ட வெள்ளை ஜிப்பாதான் வேணுமாம். அடிச்சுப் பார்த்தாச்சு, கெஞ்சிப் பார்த்தாச்சு, தரையில உருண்டு அழுறான். தொழுகைக்கு நேரம் ஆச்சுன்னு வாப்பா அதையே மாட்டித் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். அங்க மைதானத்துல எல்லாரும் வரிசையா நிக்குறாங்க, எல்லார் முதுகும் வெள்ளை வெளேர்னு. ஒரு முதுகுல மட்டும் செவச்செவன்னு ரெண்டு கை, பத்து விரலும் பதிஞ்சிருக்கு.

தொழுகை முடிஞ்சு எல்லாரும் எல்லாரையும் கட்டித் தழுவுறப்போ, பின் வரிசைக்காரர் ஒருத்தர் குனிஞ்சு கேட்டார், என்ன தம்பி, முதுகெல்லாம் கறைன்னு. இத்ரீஸ் அவரை ஒரு முறை முறைச்சான்.

"கறை இல்லை. என்னை எங்க லாத்தா புடிச்சுக்கிட்டிருக்கா."

அவ்வளவுதான், கடையெல்லாம் சாத்தியாச்சு, பல்பெல்லாம் அணைச்சாச்சு. கையைக் குடு, நான் புடிச்சுக்கிறேன். நீ தூங்கு.