இரண்டு முப்பத்து மூன்று

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லா சொன்னாள். அவளுக்கு, கதையில் வருகிற ரெஜினா சொன்னாளாம். இரண்டு வாய் மாறி வந்ததால் பேச்சில் ஒன்றிரண்டு சொல் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். நானாக எதையும் சேர்க்கவில்லை.

*

"மேடம், நான் ஊருக்குப் போயிடவா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

வஹீதா மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில என்ன பொட்டலம்?"

"கறுப்புக் கடலையும் பட்டாணியும்."

"ஊருக்குப் போறவன் கடலை எதுக்கு வாங்கினே?"

"காலையில வாங்கும்போது போற எண்ணம் இல்ல மேடம்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் தோளில் துணிப்பையும் இருந்தது.

*

மலைமேல் ஒரு கல்லூரி. அதன் பின்கட்டில் மூன்று மேசை போட்ட ஆய்வகம். சாணத்தில் முளைக்கும் ஒரு பூஞ்சையை வைத்துத்தான் அங்கே எல்லோருடைய பிழைப்பும்.

அந்தப் பூஞ்சையின் வித்துகள் மெல்லிய பைகளுக்குள் இருக்கும். ஒரு பைக்கு எட்டு. பை குறுகலானது. பின்னால் நிற்பது முன்னால் நிற்பதை முந்த முடியாது. பிறந்த வரிசையிலேயே கடைசிவரை நிற்கும்.

கறுப்பு வித்துக்காரனையும் பழுப்பு வித்துக்காரனையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தால், சில பைகளில் நாலு கறுப்பு ஒரு பக்கம், நாலு பழுப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சில பைகளில் இரண்டிரண்டாகக் கலந்து நிற்கும்.

குரோமோசோமுக்கு ஓர் இடுப்பு உண்டு. சென்ட்ரோமியர் என்று புத்தகத்தில் இருக்கும். ஆய்வகத்தில் இடுப்பு என்றுதான் சொல்வார்கள். வித்து உண்டாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்ளும்; அந்த மாற்றல்தான் பையில் நிறத்தைக் கலக்கிறது. நிறத்தைத் தரும் மரபணு இடுப்பை ஒட்டி இருந்தால் கலந்த பைகள் குறைவு. தள்ளிப் போகப் போகக் கலந்தவை கூடும்.

இடுப்பு மைக்ராஸ்கோப்பில் தெரியாது. பைகளை எண்ணித்தான் தூரத்தைச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு எத்தனை கலந்தவையோ, அதில் பாதி. கலந்த பையிலும் பாதி வித்துகள் எதையும் மாற்றிக்கொள்ளாதவை. அதனால் பாதி.

தூரம் கிடைத்தவர் சுவரிலிருந்த கரும்பலகையில் தன் பெயரையும் எண்ணையும் எழுதுவார். அன்று சாயந்திரம் எல்லோருக்கும் அவர் செலவில் சுண்டல். அது அந்த ஆய்வகத்து வழக்கம்.

பலகையில் கடைசியாக இருந்த வரி:

ரெஜினா, சாம்பல் வித்து, 33.

அதன் பக்கத்தில் எதையோ துடைத்த தடம்.

*

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் மேடம்.

மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்த ரெஜினா, குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"நான்தான் மேடம் சொன்னேன். காலையில. என் நம்பர் உனக்கும் புடிச்சுப்போச்சோன்னு கேட்டேன். சும்மா விளையாட்டுக்கு."

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றான் பேச்சிமுத்து.

"நீயும்தானல சிரிச்ச?"

"வேற என்னக்கா செய்யச் சொல்றீங்க?"

ரெஜினா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"உன் எண் என்ன?" என்று மேடம் கேட்டார்.

"முப்பத்து மூணு மேடம். அக்காவோடது சாம்பல் வித்து, என்னோடது பழுப்பு வித்து. வேற வேற மரபணு. ரெண்டும் எப்படி ஒரே தூரத்துல இருக்கும்? அதுவும் அவங்க எழுதி ஒரு மாசம் கழிச்சு. நான் உண்மையா எண்ணினேன்னு யார் நம்புவாங்க?"

"நீ நம்புறியா?"

"அஞ்சு மாசம் எண்ணியிருக்கேன் மேடம். கண்ணை மூடினாலும் பைதான் தெரியுது."

"முப்பத்தொண்ணுன்னு மாத்தி எழுதியிருக்கலாமே. யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

அவன் தலை குனிந்தான்.

"நினைச்சேன் மேடம்."

"எழுதினியா?"

"இல்ல."

"ஏன்?"

"வந்தது முப்பத்து மூணு."

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எங்க வீட்டுல காலேஜ் வாசல் மிதிச்ச மொத ஆள் நான்," என்றான் பேச்சிமுத்து. "ஃபெயிலானாக்கூட பரவாயில்ல. பக்கத்துல பார்த்து எழுதினவன்னு பேர் வந்துட்டா, எனக்கு அடுத்து என் தங்கச்சியை யாரும் அனுப்ப மாட்டாங்க."

"பொட்டலத்தைக் கொடு."

*

மேடம் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு கடலை எடுத்தார். கடலை அளவிலேயே இரண்டு பட்டாணி தேடி எடுத்தார். தேநீர் டம்ளரைக் கழுவித் துடைத்து, நாலையும் அதில் போட்டார். ஒரு சோதனைக் குழாயை அவன் கையில் கொடுத்தார்.

"குலுக்கு. பார்க்காம ஒவ்வொண்ணா எடுத்துக் குழாய்க்குள்ள போடு."

"மேடம், பையில எட்டு இருக்குமே?"

"எட்டுல ரெண்டு ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. பக்கத்துல பக்கத்துல ஒரே நிறம். இரட்டையில ஒண்ணு போதும்."

பேச்சிமுத்து தோளிலிருந்த பையை இறக்கிவைக்காமலே குலுக்கினான்.

குழாய்க்குள் கடலை, பட்டாணி, பட்டாணி, கடலை.

"கலந்திருக்கு," என்றான்.

"எழுதிக்கோ. திரும்பக் குலுக்கு."

கடலை, கடலை, பட்டாணி, பட்டாணி.

"பிரிஞ்சிருக்கு."

"குலுக்கு."

கொஞ்ச நேரத்தில் பை தொந்தரவாக இருந்தது. இறக்கி நாற்காலியில் வைத்தான். ஒரு பட்டாணி மேசைக்கடியில் உருண்டு ஓடியது. ரெஜினா குனிந்து எடுத்து ஊதிக் கொடுத்தாள்.

முப்பது தடவை ஆனதும் மேடம் சொன்னார்: "அவகிட்ட கொடு."

"நான் எதுக்கு மேடம்? என் வேலைதான் முடிஞ்சுபோச்சே."

"குலுக்கு ரெஜினா."

ரெஜினா குலுக்கினாள். வளையல் சத்தமும் டம்ளர் சத்தமும் சேர்ந்து கேட்டன.

"அக்கா, விரலால தடவிப் பார்க்காதீங்க."

"தடவினா மட்டும் தெரியுமால? ரெண்டும் ஒரே உருண்டை."

அவளும் முப்பது முடித்தாள்.

"பேச்சி, உனக்கு எத்தனை கலந்தது?"

"இருபத்தொண்ணு மேடம்."

"ரெஜினா?"

"பத்தொம்பது."

"சேர்த்து?"

"அறுபதுக்கு நாப்பது."

"நூத்துக்கு?"

பேச்சிமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டான். அவன் உதடு அசைந்தது. பாதியில் நின்றது.

ரெஜினாதான் சொன்னாள். "அறுபத்தாறு. கொஞ்சம் மேல."

"அதுல பாதி?"

வெளியே மழை பிடித்தது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

இரண்டு பேரும் பலகையிலிருந்த 33 பக்கம் திரும்பினார்கள்.

மேடம் காலி டம்ளரைச் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது யாரைப் பார்த்து எழுதிச்சு?"

*

முதலில் சிரித்தவன் பேச்சிமுத்து. காலையில் சிரித்த சிரிப்பு வேறு. இது வேறு.

பிறகு அவனே நிறுத்திக்கொண்டான்.

"மேடம், டம்ளருக்கு இடுப்பே கிடையாதே."

"கிடையாது."

"தூரமும் கிடையாது."

"கிடையாது."

"அப்ப முப்பத்து மூணு?"

"நீதான் குலுக்கினே. நீயே சொல்லு."

அவன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். பட்டாணி, கடலை, பட்டாணி, கடலை.

"நல்லாக் குலுங்கிட்டா இதுதான் வரும்," என்று மெதுவாகச் சொன்னான். "என் மரபணு இடுப்பை விட்டு ரொம்பத் தள்ளிப் போயிருக்கு. நடுவுல எத்தனையோ மாத்தல் நடந்து எல்லாம் குலுங்கிப்போச்சு. அதுக்குமேல எவ்வளவு தள்ளிப் போனாலும் இதே எண்தான் வரும்."

"ம்."

"அக்காவோடதும் அப்படித்தான்."

ரெஜினா பலகையைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள்.

"மேடம், அப்ப நான் எழுதினது?"

"பக்கத்துல கேள்விக்குறி போட்டேனே."

"அதா? யாரோ சாக்பீஸ்ல கிறுக்கியிருக்காங்கன்னு துடைச்சுட்டேன்!"

"பார்த்தேன். நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்."

"அப்ப நான் போட்ட சுண்டல்?"

"தேங்காய் கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லா இருந்துச்சு."

பேச்சிமுத்துவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "சிரிக்காதல," என்று சொல்லிவிட்டு ரெஜினாவும் சிரித்தாள்.

*

"என் மரபணு எங்கதான் இருக்கு மேடம்?"

"தூரத்துல."

"எவ்வளவு தூரத்துல?"

"பூஞ்சை சொல்லிச்சா?"

"இல்ல."

"அப்ப எண் போட்டா, யார் சொன்னதா போடுவே?"

பேச்சிமுத்து பலகையின் மேல்பக்கத்தைப் பார்த்தான். எப்போதோ படித்து முடித்துப் போனவர்களின் பெயர்கள் அங்கே இருந்தன. நாலு. ஏழு. பதினொன்று. இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்ன எண்கள்.

"மேடம், இடுப்புல இருந்து ஒரே தாவலா என்னோடதை அளந்தாத்தானே கணக்கு தொலையுது? ஏழுல இருக்கிற மரபணுவுக்கும் பதினொண்ணுல இருக்கிற மரபணுவுக்கும் இடையில முதல்ல அளக்கிறேன். அப்புறம் அதுக்கு அடுத்தது. அப்படியே பக்கத்துப் பக்கத்து ஆளாப் புடிச்சுக்கிட்டுப் போனா, என்னோடது வந்துரும்ல?"

"எத்தனை மாசம் ஆகும்?"

"தெரியல மேடம்."

"தங்கச்சி என்ன படிக்குது?"

"ப்ளஸ் ஒன்."

"அது வந்து சேர்றதுக்குள்ள முடிச்சுரு," என்றார் மேடம். திரும்பவும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

ரெஜினா பலகைக்குப் போனாள். 33 என்பதை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் 'தூரம்' என்று எழுதினாள். சாக்பீஸை நீட்டினாள்.

பேச்சிமுத்து கீழே எழுதினான்:

பேச்சிமுத்து, பழுப்பு வித்து, தூரம்.

இரண்டு வரியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை.

அவன் நாற்காலியிலிருந்த துணிப்பையை எடுத்துத் தன் மேசைக்கடியில் தள்ளினான்.

"எண் கிடைக்கலையே மேடம். சுண்டல் உண்டா, கிடையாதா?"

"ஊறப் போடு," என்றார் மேடம், தலை நிமிராமல். "அந்த நாலையும் சேர்த்து."

*

ஸ்டெல்லா கதையை இங்கே நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் ஒரு சந்தேகம். அறுபது தடவைக்குச் சரியாக நாற்பது வந்தது, சொல்லிச் சொல்லி யாராவது திருத்திய எண்ணோ?

மறுநாள் விடுதிச் சமையலறையில் இரண்டு கடலையும் இரண்டு பட்டாணியும் கேட்டு வாங்கினேன். குலுக்கவில்லை. எத்தனை விதமாக வரிசையில் நிற்க முடியும் என்று மேசைமேல் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன்.

ஆறு விதம். இரண்டில் நிறம் பிரிந்து நிற்கிறது. நாலில் கலந்து நிற்கிறது. ஆறுக்கு நாலு, அறுபதுக்கு நாற்பது.