வாசற்படியில் படுத்த சாமி

சுடலையாண்டி ஒரு கொலைக்கேசில் உள்ளே போய், தலை நரைத்த பிறகு, ஒரு சுதந்திர தினத்தன்று விடுதலையானவர். எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று மலையடிவார மடத்தில் வந்து ஒண்டிக்கொண்டார். மடத்துக்கு வேலப்ப சாமிதான் குரு. சுடலையாண்டியை விட வயதில் சின்னவர், பிடிவாதத்தில் பெரியவர்.

சிறைப் பழக்கம் லேசில் விடுமா? குளிக்கப் போகவும் உத்தரவு கேட்பார், சோற்றில் கை வைக்கவும் உத்தரவு கேட்பார். தாழ்ப்பாளே இல்லாத கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்திருப்பார். மற்ற சீடர்கள் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை.

ஒருநாள் சுடலையாண்டி கேட்டார்.

"சாமி, விடுதலை, சுதந்திரம் ரெண்டும் ஒண்ணுதானே? எனக்கு ரெண்டும் ஒரே நாள்லதான் வந்துச்சு."

சாமி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சுடலையாண்டியின் மகள் பேச்சியம்மாள் ஆள் அனுப்பினாள். புருஷனோடு பம்பாய்க்குக் குடிபோகிறாளாம். இன்றைக்குச் சாயங்காலம் ரயிலாம். ஏறுவதற்குள் அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டுமாம். கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை! பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உத்தரவு கேட்க ஓடினார்.

சாமி விஷயத்தைக் கேட்டார். எழுந்து போய் வாசற்படிக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மடத்துக்கு அந்த ஒரு வாசல்தான்.

படுத்திருக்கிற பச்சைப்பிள்ளையைத் தாண்டினாலே வைகிற ஊர் அது. குருவைத் தாண்டுவதாவது! சுடலையாண்டி உத்தரவு கொடுங்கள் என்று கெஞ்சினார், அழுதார், காலைப் பிடித்தார். சாமி அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே சாமி மேல் கோபம் வந்தது.

ரயிலுக்கு நேரம் நெருங்கியது. கிழவர் அழுகையை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என் பிள்ளையைப் பார்த்தே தீருவேன் சாமி."

குருவைத் தாண்டி வெளியே வந்தார். வந்தவருக்கு ஆற்றாமை பொங்கியது.

"எந்திரிச்சுக் கொஞ்சம் வழி விட்டிருக்கக் கூடாதா சாமி? இந்தப் பாவத்தை ஏன் என் தலையில கட்டுனீங்க?"

சாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நான் வழி விட்டிருந்தா அதுக்குப் பேரு விடுதலை. அதைத்தான் ஜெயில்லயே குடுத்துட்டாங்களே."