தோரணத்தில் தொங்கிய புல்

ஒரு பெரிய ஏரியில் ஆமை ஒன்று இருந்தது. மதகோரம் யாரோ விட்டுப்போன புத்தகம் அதனிடம் சிக்கியது. உலக நாடுகளின் சாப்பாடு, பாட்டு, திருவிழா எல்லாம் அதில் இருந்தன. பாதிப் பக்கங்களை மீன்கள் தின்றுவிட்டன. மீதியை ஆமை மனப்பாடம் செய்தது. அன்றிலிருந்து, உலகம் தெரிந்தவர் என்றால் ஏரியில் ஆமைதான். கரையைத் தாண்டாத ஆளுக்கு இது பெரிய கௌரவம்தானே.

கார்த்திகை மாதம் ஒருநாள் மதியம் வரித்தலை வாத்து ஒன்று வந்து இறங்கியது. பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்தவள். அவளுடைய கூட்டம், குஞ்சும் குளுவானுமாக நாற்பது பேர், பக்கத்துப் பாறைக்குன்றில் பசியோடு காத்திருந்தது. இங்கே மேயப் புல் உண்டா என்று பார்த்து, பொழுது சாய்வதற்குள் அவள் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு அடுத்த ஏரிக்குப் பறக்க வேண்டும். குஞ்சுகளால் அது முடியாது.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆமை பனிநாட்டுப் பண்பாட்டு விழாவை அறிவித்துவிட்டது. தவளைகள் விழாக்குழுவாகி, அவளை மேடைப் பாறைமேல் ஏற்றி, தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். பிறகு ஆமையின் வரவேற்புரை. வாத்தின் ஊரைப் பற்றி வாத்துக்கே விளக்கியது. அவள் இரண்டு முறை குறுக்கிட்டுப் பார்த்தாள். ஏற்புரை என்று நினைத்துத் தவளைகள் கைதட்டின.

அடுத்து விருந்து. இலையில் கருவாடு வந்தது.

"ஐயா, நாங்கள் மீன் தின்பதில்லை, புல்தான். இங்கே புல் எங்கே..."

ஆமை புத்தகத்தைப் புரட்டியது. "பனிநாட்டார் காய்ந்த மீனை விரும்பி உண்பர். இருபத்தேழாம் பக்கம். உனக்கு உன் பண்பாடு சரியாகத் தெரியவில்லை அம்மா. பரவாயில்லை, விழா முடியும்வரை இரு, தெரிந்துகொள்வாய்."

வாத்து தலை நிமிர்ந்து பார்த்தாள். மேடையைச் சுற்றித் தோரணம், அத்தனையும் பச்சைப் பசேலென்று அருகம்புல். பசி தாங்காமல் எட்டி ஒரு வாய் கடித்தாள். விழாக்குழுவே பதறி எழுந்தது. அலங்காரத்தில் வாய் வைக்கலாமா என்று ஆளாளுக்கு ஏசினார்கள். பாவம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு நீர்க்கோழி நின்றிருந்தது. படிப்பு வாசனை கிடையாது. இலையில் ஏதாவது மிஞ்சுமா என்று பார்க்க வந்தது. அது மெதுவாக வாத்தின் பக்கத்தில் போய் நின்றது.

"அக்கா, சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

இத்தனை உரைகளில் இந்தக் கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை. வாத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தோரணப் புல்லை அறுத்த இடத்துக்கே நீர்க்கோழி அவளைக் கூட்டிப் போனது. தென்கரை முழுக்கப் புல். அவள் குன்றுக்குப் பறந்தாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேரும் அங்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

விருந்தாளி போனதை மேடையில் யாரும் கவனிக்கவில்லை. குறுக்கே பேச ஆளில்லாததால் விழா முன்னைவிடச் சிறப்பாகவே நடந்தது.

தென்கரையில் வயிறு நிறைந்த வாத்துகள் பாடத் தொடங்கின. மலையைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தால் பாடுகிற பாட்டு அது. நீர்க்கோழியை நடுவில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி ஆடின. அதற்குத் தாளம் பிடிபடவில்லை. ஆனாலும் சந்தோஷமாக ஆடியது.

மேடையில் அப்போது தவளைகளை வைத்து ஆமை பனிநாட்டு இசை நடத்திக்கொண்டிருந்தது. தென்கரைச் சத்தம் காதில் விழுந்ததும் அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தவளையைக் கூப்பிட்டது.

"இங்கே பனிநாட்டு இசை நடக்கும்போது அங்கே எவன் கத்துகிறான்? போய் வாயை மூடச் சொல்!"

போன தவளை திரும்பவில்லை. தென்கரையில் தாளம் போட உட்கார்ந்துவிட்டது.

அயல்நாட்டைப் பற்றிப் படிப்பது நல்லதுதான், ஆனால் அந்த நாட்டுக்காரரே எதிரில் வந்து நின்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அவருக்குப் பசிக்கிறதா என்று கேட்க வேண்டும்.