தொம்மை வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளை

உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் மரம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, பிலோமினா வீட்டு வேம்பு. உப்புக்காற்றும் வறண்ட மண்ணும் வேறு எதையும் தலையெடுக்க விடவில்லை. பிலோமினா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளையில்லை. அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி அந்த மரத்தை ஆளாக்கியிருந்தாள்.

அவளோடு நாள் தவறாமல் பேசுகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டுத் தொம்மைதான். சாயங்காலமானால் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்கு என்ன குழம்பு, பிலோமி?" என்பார். அந்தக் கேள்விக்காகவே அவள் சில நாள் குழம்பு வைத்தாள்.

தொம்மையின் மனைவி மிக்கேலம்மாள் படுத்த படுக்கை. வேம்பின் பெரிய கிளை ஒன்று அவர்கள் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. அந்த நிழலில்தான் அவள் பகலில் கண்ணயர்வாள்.

"மழை விழுறவரைக்கும் அந்தக் கிளையில கத்தி படக்கூடாது" என்று தொம்மை கேட்டார்.

"படாது அண்ணே" என்று வாக்குக் கொடுத்தாள் பிலோமினா.

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், மின்கம்பியில் உரசிய கொப்புகளைக் கழிக்க மரம் வெட்டும் இசக்கி வந்தான். மேலே ஏறியவன் பெரிய கிளையின் கவட்டில் விரலை விட்டான். விரல் முழுசாக உள்ளே போயிற்று.

"அக்கா, பிளந்திருக்கு. கோடைக்காத்து ஒண்ணு அடிச்சா கூரையோட உள்ள இறங்கிரும்."

"இந்த வெயில்ல வெட்டினா மரம் தாங்குமா?"

"கஷ்டம்தான். வெட்டுன இடத்துல வெயில் படாம சுண்ணாம்பு அடிச்சு, அந்தியில தண்ணி விட்டா பிழைச்சுக்கும்."

தொம்மை மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சாயங்கால பஸ்ஸில்தான் திரும்புவார். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. பிலோமினா தொம்மை வீட்டு ஜன்னலண்டை போய் விஷயத்தைச் சொன்னாள்.

"வெட்டாதீங்க மதினி, வெந்துருவேன்" என்றாள் மிக்கேலம்மாள்.

பிலோமினா திரும்பி வந்து, "வெட்டு" என்றாள். நிழலுக்குப் பதிலாகத் தென்னங்கிடுகு வாங்கிவந்து நனைத்துக் கொடுத்து, அந்தத் தகரக் கூரைமேல் பரப்பச் சொன்னாள்.

இறக்கிய கிளை உள்ளே கறுத்து உளுத்திருந்தது. அதைக் காட்டத்தான் அவள் வாசலில் காத்திருந்தாள். பஸ்ஸில் வந்து இறங்கிய தொம்மை அதைப் பார்க்கவில்லை. வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வாக்குக் குடுத்தியே, பிலோமி."

அதன்பிறகு அவர் பேசவில்லை. அந்தக் கோடையில் காற்றும் அடிக்கவில்லை. வைகாசிக் கடைசியில் மிக்கேலம்மாள் இறந்தாள். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். வெயில்தான் கொன்றது என்று தொம்மை நினைத்தார். வேம்பு துளிர்த்தது. பிலோமினா பல நாள் சோறு மட்டும் வடித்து மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

கதை கேட்டவர்களே, நியாயம் சொல்லுங்கள். வாக்கை நம்பியவர் தொம்மை, மீறியவள் பிலோமினா, வெட்டியவன் இசக்கி. இதில் பிசகியது யார்?

விடை: இசக்கி கண்டதைச் சொன்னான். தொம்மை கேட்டது மனைவிக்கு நிழல். இருவர் மேலும் குற்றமில்லை. உளுத்த கிளையை வெட்டியதும் சரியே; வாக்கைவிட உயிர் பெரிது. ஆனால் காற்றில்லாத அந்த நாளில் பிலோமினா சாயங்காலம்வரை பொறுத்திருக்கலாம். மிக்கேலம்மாளைக் கட்டிலோடு தன் வீட்டுக்குத் தூக்கிவரச் செய்து காத்திருந்தால், தொம்மை வந்து பிளவில் தானே விரலை விட்டுப் பார்த்திருப்பார். "வெட்டு" என்று அவரே சொல்லியிருப்பார். பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் தனியாகவே தீர்மானித்துப் பழகியவளுக்கு, இன்னொருவருக்காகக் காத்திருக்கத் தோன்றவில்லை. பிசகு அவளுடையது, அந்த அளவுக்கு.